என் ட்ரில்லில் மகள் பூட்டிய பிரஷ்

என் பிள்ளைக்கு,

நீயும் அம்மாவும் கூறைச் சேலைக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை எடுத்துவரப் புத்தளத்துக்குப் போயிருக்கிறீர்கள். வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். காற்று இன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வேலைக் கொட்டிலில் சீவி முடித்த கதவுப் பலகை ஒன்றை மேசையாகப் போட்டு, கடதாசி பறக்காமல் இருக்க உளியைப் பாரமாக வைத்து எழுதுகிறேன். கலியாணம் முடிந்த கையோடு நீ மன்னாருக்குப் போய்விடுவாய். மகளை அனுப்பிவைக்கிற தகப்பன் நாலு புத்திமதி சொல்லவேண்டும் என்பார்கள். காலையிலிருந்து அதைத்தான் எழுதப் பார்த்தேன். மாமியாரோடு எப்படிக் கதைப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது, புது ஊரில் யாரை நம்புவது என்றெல்லாம் தொடங்கினேன். வாசித்துப் பார்த்தால் உனக்குத் தெரியாத ஒன்றும் அதில் இல்லை. பாதியை நானே உன்னைப் பார்த்துத்தான் படித்திருக்கிறேன். கிழித்துப் போட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது வியப்பு மட்டுந்தான். பெற்ற பிள்ளையைப் பார்த்து வாயடைத்து நின்ற தகப்பன் அதை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லி ஆணி தேடப் போய்விடுவான். நானும் எத்தனையோ தரம் அப்படிப் போயிருக்கிறேன்.

சண்டை முடிந்த பிறகு இந்தக் கரையில் லொட்ஜுகள் எழும்பத் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். நாங்கள் கூரைக்குக் கல்லைத் தூக்கி வைத்துத் திட்டித் தீர்த்த அதே காற்றைத் தேடி வெள்ளைக்காரர் விமானம் ஏறி வந்தார்கள். களப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே பறந்தார்கள். வன்னியிலிருந்து ஒரு கருவிப் பெட்டியோடு வந்து எத்தாளையில் ஒதுங்கிய தச்சனுக்கு அதனால் வேலை கிடைத்தது. கற்பிட்டிப் பக்கம், நாம் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளி கட்டிய லொட்ஜுக்கு எல்லாக் கதவும் யன்னலும் நான்தான் போட்டேன். அந்தப் பழக்கத்தில் அம்மாவுக்கும் அங்கே அறை துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்பதும் கூட்டுவதும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளை வதைத்தது பாத்ரூம்கள்தான். அங்கத்தைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு படியும். சுண்ணாம்பின் மேல் இரும்புக் கறள் நிறம் ஏறும். அதன்மேல் திரும்பவும் சுண்ணாம்பு. நாள் போகப் போக அது டைல்ஸோடு டைல்ஸாகக் கல்லாகிவிடும். அம்மா தும்பால் தேய்த்தாள், கம்பிச் சுருளால் தேய்த்தாள், கடைசியில் அசிட் ஊற்றித் தேய்த்தாள். மாலையில் வந்து சோறு பிசையும்போது அவளுடைய வலது கைப்பெருவிரல் மடங்காது. இடது கையால் அதைப் பிடித்து மடக்கிவிடுவாள். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாய்.

பிறகு அந்தக் காலை வந்தது. நானா போனில் கூப்பிட்டார். நீயும் நானும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அம்மா தென்னை மரத்தடியில் கதிரையில் சாய்ந்திருந்தாள். கண் இரண்டும் செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தன. மூச்சை இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. நானா ஒரு அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டு நின்றார். "அசிட்டையும் குளோரின் பவுடரையும் சேத்து ஊத்திட்டாங்க. ரெண்டும் சேந்தா நல்லாக் கழுவும்னு நெனச்சிட்டாங்க போல. எனக்கும் தெரியாம போச்சே," என்று சொன்னார். அவருடைய வான் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆளைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் இனி அசிட் பக்கமே போகக்கூடாது, அந்தக் கையால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து படுத்திருந்த அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அசிட் இல்லாட்டி கறை போகாது. கறை போகாட்டி வேலை போகும்." நீ பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கைப்பெருவிரலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாய். உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாது என்று தெரிந்து, அடுத்தது என்ன என்று நாங்கள் மூவரும் வாய் திறக்காமல் இருந்த நாட்கள் அவை.

அந்தக் கிழமைதான் நீ போனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தாய். "அப்பா, இதைப் பாருங்கோ." ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெண் ட்ரில்லின் வாயில் வட்டமான பிரஷ் ஒன்றைப் பூட்டிக் குளியல் தொட்டியில் பிடிக்கிறாள். அழுக்கு அப்படியே உருண்டு போகிறது. கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு நான் சீவலைத் தொடர்ந்தேன். நீ போகவில்லை.

"உங்கட ட்ரில்லைத் தாங்கோ."

"எதுக்கு?"

"லொட்ஜ் கக்கூஸ் கழுவ."

நான் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ சிரிக்கவில்லை. அந்தப் பற்றரி ட்ரில் எனக்கு எப்படிப்பட்ட சாமான் என்று உனக்குத் தெரியும். சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற சாமான். அதையே சொன்னேன். "பிள்ளை, அது சாமியறையில வைக்கிறது."

"ஓம் அப்பா. அம்மாவும் சாமியறையிலதான் விளக்கு ஏத்துறா. அவ கையால கழுவலாம், மெஷினால கழுவக்கூடாதோ?"

நீ குரலை உயர்த்தவே இல்லை. சந்தேகம் கேட்கிறமாதிரித்தான் கேட்டாய். ஒரு தேத்தண்ணி குடிக்கவேண்டும் என்று எழும்பிப் போய்விட்டேன். தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த வீட்டில் இத்தனை காலம் இருந்து எனக்கு வராத கேள்வி உனக்கு எப்படி வந்தது என்றுதான் யோசித்தேன்.

நீ இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் முறுக்கிக்கொண்டிருப்பேன். அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய பழைய ட்ரில்லை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாய். வயர் உள்ளது, இரண்டு இடத்தில் ஒட்டு நாடா சுற்றியது. அதை உன் கையில் பார்த்ததும் சீவுளியைப் போட்டுவிட்டு எழும்பினேன்.

"கரண்ட் மெஷினைக் கொண்டுபோய் ஈரத் தரையில நிக்கப் போறியோ?"

"கையுறை போடுவன் அப்பா."

"உந்தக் கையுறை கரண்டை மறிக்குமோ, விசரி?"

உள்ளே போய் என் பற்றரி ட்ரில்லை எடுத்துவந்து உன் கையில் வைத்தேன். வைத்த பிறகுதான் நான் தோற்றுவிட்டது எனக்கு விளங்கியது. நீ என்னை மடக்கத்தான் அந்தப் பழைய மெஷினை வாங்கி வந்தாயோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கமாட்டேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குப் பெருமைதான்.

உடுப்புத் தேய்க்கிற பிரஷ் ஒன்றை வட்டமாக அரிந்து, நடுவில் ஓட்டை போட்டு, போல்ட்டும் வாசரும் நட்டும் பூட்டினாய். முதல் பிரஷ் சுழன்ற சுழற்சியில் கழன்று பறந்து தண்ணீர்த் தாங்கியில் அடித்துவிட்டு, பக்கத்து வளவுக்குள் போய் விழுந்தது. கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. நீ ட்ரில்லைப் பிடித்தபடி அப்படியே நின்றாய். முகத்தில் பயத்தைவிட யோசனைதான் கூட இருந்தது. "நடு தப்பிப்போச்சு," என்றாய். எந்தப் பட்டறையிலும் வேலை பழகாத பிள்ளை, ஒரே பார்வையில் பிழை எங்கே என்று சொன்னதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கவராயத்தை எடுத்து நானே வட்டம் போட்டேன். இரண்டாவது பிரஷை நாம் இருவரும் சேர்ந்து செய்தோம். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தேப்பனுக்கும் மகளுக்கும் முத்திப்போச்சு," என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

நானாவின் லொட்ஜில் கடைசி அறையின் பாத்ரூம்தான் எல்லாவற்றிலும் மோசம். அதன் தரையைப் பெயர்த்தெடுத்துப் புது டைல்ஸ் பதிக்க மன்னாரிலிருந்து ஒரு ஆளையும் பேசி வைத்திருந்தார் நானா. நாம் போய்க் கேட்டபோது கையை விரித்தார். "இது போற கறை இல்ல மகள். ஒடைக்கத்தான் வேணும். எப்படியும் ஒடைக்கிறது, நீங்க ஆசைக்கு ஒரு தரம் தேச்சிப் பாருங்க." நீ அசிட்டைத் தொடவில்லை. யன்னலைத் திறந்துவிட்டாய். வினாகிரியில் பழந்துணிகளை நனைத்துத் தரை முழுக்க விரித்தாய். அது ஊறும் வரைக்கும் வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு ஏதோ சினிமாக் கதை கதைத்தாய். பிறகு துணிகளைச் சுருட்டி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ட்ரில்லை மெல்லிய வேகத்தில் வைத்து, பிரஷைத் தரையில் இறக்கினாய்.

பிள்ளை, நான் மரத்தோடு வாழ்கிறவன். கறுத்துப்போன பழைய பலகையில் சீவுளியை ஓட்டினால் உள்ளேயிருந்து முதிரை மரத்தின் நிறம் வெளியே வரும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அந்த நிமிடம் அலுக்காது. அது மரத்துக்கு மட்டுந்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு உன் கையின் கீழே தவிட்டு நிறத்தில் நுரை எழும்பியது. பார்க்க அருவருப்பாக இருந்தது. நீ மெஷினை நிறுத்தி, கிண்ணத்தால் ஒரு தரம் தண்ணீர் ஊற்றினாய். நுரை விலகிய இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டம் பச்சை. களப்புத் தண்ணீர் காலை வெயிலில் இருக்குமே, அந்தப் பச்சை.

அம்மா குனிந்து, மடங்காத அந்தப் பெருவிரலால் வட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "இது பச்சையே?" என்றாள். "நான் இவ்வளவு காலமும் மஞ்சள் எண்டல்லோ நினைச்சுக் கழுவினனான்." நானா கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். டைல்ஸைக் கடையில் தெரிந்தெடுத்ததே அவர்தான். அவருக்கும் அது மறந்துபோயிருந்தது. "மாஷா அல்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார். நீ அண்ணாந்து எங்களைப் பார்க்கவில்லை. அந்த வட்டத்தை ஒட்டி இன்னொரு வட்டம் போட்டாய், பிறகு இன்னொன்று. பச்சை, வாசலிலிருந்து உள்ளே நடந்துபோகிற மாதிரிப் பரவிக்கொண்டே போனது. மூலைகளுக்குச் சின்னப் பிரஷ் மாற்றினாய். மினுக்கமான குழாய்களில் கீறல் விழும் என்று அங்கே மெஷினைப் பிடிக்காமல் துணியால் துடைத்தாய். உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பற்றரி முடிந்தபோது மத்தியானமாகியிருந்தது. பாதித் தரை களப்பாகவும் பாதித் தரை சேறாகவும் இருந்தது. அந்த எல்லைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். இரண்டும் ஒரே தரை என்று மனம் நம்ப மறுத்தது. பற்றரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏற்றி, இருட்டுவதற்குள் மீதியையும் நீ முடித்துவிட்டாய்.

அடுத்த நாள் சுத்தியலும் உளியுமாக மன்னாரிலிருந்து வந்து இறங்கிய இளைஞனுக்கு உடைப்பதற்குத் தரை இருக்கவில்லை. அவன் பாத்ரூம் வாசலில் நின்று பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குந்தியிருந்து டைல்ஸுக்கு இடையிலுள்ள கோடுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "ஆர் செய்தது?" என்று கேட்டான். நானா உன்னைக் காட்டினார். "நீங்கள் என்ர வேலையைக் கெடுத்துப்போட்டியள்," என்றான் உன்னிடம். நீ கொஞ்சமும் அசையாமல், "இடையில பூச்சு விட்டுப்போயிருக்கு. அதை நிரப்பிக் குடுங்கோ. அது எனக்குத் தெரியாத வேலை," என்றாய். அவன் சிரித்தான். இரண்டு நாள் நின்று பூச்சு நிரப்பிவிட்டுப் போனான். போகும்போது என்னிடம் வந்து, "ஐயா, நான் எத்தினையோ தரையை உடைச்சிருக்கிறன். அதில எத்தினையை உடைச்சிருக்கத் தேவையில்லை எண்டு இப்ப யோசினையாக் கிடக்கு," என்றான். நல்ல பிள்ளை என்று அன்றைக்கே நினைத்தேன். அவனுடைய தாய் தகப்பன் வந்து உன்னைப் பெண் கேட்பார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை தானாக வந்தது. ஒரு லொட்ஜ்காரர் அடுத்தவருக்குச் சொன்னார். கற்பிட்டியிலிருந்து முந்தல் வரைக்கும் உன்னைக் கூப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து கடைப் பிரஷ்கள் எடுப்பித்தாய். தரைக்குக் கடினமானது, பீங்கானுக்கு மெல்லியது என்று நிறம் பிரித்து வைத்தாய். அம்மா உன்னோடு வந்தாள். துணி விரிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலை. தேய்ப்பது மெஷின். அவளுடைய பெருவிரல் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கியதை நீ முதலில் கண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

ஊர்க் கதையும் கூடவே வந்தது. உடப்பிலிருந்து உன் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கருவாட்டுப் பொதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மச்சான், கக்கூஸ் கழுவுற பொண்ணுன்னு சொல்றாங்க. என் காதாலயே கேட்டேன். நாளைக்கு ஒருத்தன் வந்து பொண்ணு கேப்பானா?" அவர் உன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பாசத்தில் கேட்ட கேள்விக்குக் கோபிக்க முடியாது. அதற்குள் நீ தேத்தண்ணியோடு வந்தாய். "ஓம் மாமா, கக்கூஸ்தான் கழுவுறன்," என்றாய். "நீங்கள் கடலுக்குப் போய்வந்தா வள்ளத்தைக் கழுவாமல் விடுவியளோ?" மாமா தேத்தண்ணியை வாங்கிக் கொஞ்சநேரம் ஊதிக்கொண்டிருந்தார். "வள்ளம் வேற, இது வேற," என்றார். நீ அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வாதத்தில் வெல்லவேண்டும் என்ற ஆசை உனக்கு இல்லாததுதான் உன் பலம் என்று நினைக்கிறேன். போகும் ஊரிலும் யாராவது இதைக் கேட்பார்கள். தொழிலுக்கு அழகான வேறு பெயர் வைத்துச் சொல்லும்படி உன்னை நெருக்குவார்கள். அன்றைக்கு மாமாவிடம் சொன்ன மாதிரியே சொல். புத்திமதி எழுதமாட்டேன் என்றேன், ஆனால் இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பள்ளிக்கூடத்துக் கதை. நீ படித்த பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சான்றிதழ் எடுக்கப் போய்விட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். அம்மா கேட்டதற்கு, "பெட்டையளின்ர கக்கூஸ் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு," என்றாய். எப்படி என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னாய். கறுத்த தரை, கொளுக்கி இல்லாத கதவு, காலை வைக்க முடியாத வழுக்கல். அதற்குள் போகப் பயந்து பெண் பிள்ளைகள் காலையில் வெளிக்கிட்டால் வீட்டுக்கு வரும் வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை. "நானும் குடிக்கிறேல்லை அப்பா. நாங்கள் ஒருத்தரும் குடிக்கிறேல்லை. சின்ன வகுப்புப் பிள்ளையளுக்குப் பெரிய வகுப்புப் பிள்ளையள் சொல்லிக் குடுப்பினம், குடிக்காதேங்கோ எண்டு."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடுவாய். பையை ஒழுங்காக வை என்று அம்மா கத்துவாள். அடிக்கடி தலையிடி என்பாய், வெயில் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். இந்தப் பொட்டல் வெயிலில், உப்புக் காற்றில், காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் நீ வாய்ப்பாடு சொல்லியிருக்கிறாய், ஓடியிருக்கிறாய், பரிசு வாங்கியிருக்கிறாய். ஒருநாள்கூட எங்களிடம் முறைப்பாடு சொல்லவில்லை. இப்போதும் நீ அழவில்லை, ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. "சனி ஞாயிறு பள்ளிக்கூடம் சும்மாதானே கிடக்கும். அதிபரிட்டைக் கேட்டிட்டன். பூட்டின்ர திறப்பைத் தாறாராம். அப்பா, கொளுக்கி போடுறது உங்கட வேலை," என்றாய்.

அந்த இரண்டு நாளும் நான் கண்டதை எழுத எனக்குத் தெரியவில்லை. லொட்ஜில் கண்டது கறை. இது பல வருடத்து அடைசல். உள்ளே எட்டிப் பார்த்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நீ பழைய சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, கண்ணுக்கு என் மரவேலைக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனாய். மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கியது. இரண்டு பற்றரியை மாற்றி மாற்றிச் சார்ஜ் போட நான் அலுவலகக் கட்டிடத்துக்கும் உன்னிடத்துக்குமாக நடந்தேன். இடையில் கதவுகளைக் கழற்றி, உக்கிப்போன அடிப்பாகத்தை வெட்டிப் புதுப் பலகை வைத்தேன். ஒவ்வொரு தரம் பற்றரி கொண்டுவரும்போதும் உள்ளே இருந்த வெளிச்சம் கூடியிருந்தது. முதலில் அது என் பிரமை என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது, வெள்ளை அதைத் திருப்பித் தருகிறது. அதே சின்ன யன்னல், அதே வெயில். ஞாயிறு பின்னேரம் நீ கடைசி வாளியை ஊற்றிவிட்டு வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சேறு. கண்ணாடியைக் கழற்றினாய். கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு சுத்தமான வட்டம். அம்மா சிரித்தாள், நீயும் சிரித்தாய். நான் ஆணி தேடப் போனேன்.

திங்கள் காலையில் நீ முந்தலில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாய். கடைசிக் கதவின் கொளுக்கி கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் அதைச் சரிசெய்ய நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். அங்கே நடந்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

இடைவேளை மணி அடித்ததும் நான் விலகிப்போய் வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டேன். பெண் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். பெரிய பிள்ளைகள் முன்னால், சின்னப் பிள்ளைகள் பின்னால். முன்னால் வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு அவர்களுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். சத்தம் மெல்ல மெல்ல நின்றுபோனது. வெகுநேரம் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. பிறகு இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். தரையைப் பார்த்தாள், தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தாள். குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றி உள்ளே செருகினாள், சுவரோரமாக வைத்தாள். வெறுங்காலோடு உள்ளே போனாள். ஒருத்தி "ஏன்டி கழட்டுற?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவள் உள்ளேயிருந்து, "ஊத்தையாயிடும்," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. சுவர் நீளத்துக்கு வெள்ளைச் சப்பாத்துகள், கோயில் வாசலில் மாதிரி. ஒவ்வொருத்தியாக உள்ளே போய், புதுக் கொளுக்கியைப் போட்டுப் பார்த்து, திறந்து, திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் கிளுக் கிளுக் என்று எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வெளியே வந்து, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, முற்றத்துக் குடிதண்ணீர்க் குழாயடிக்குப் போனார்கள். இரண்டு கையையும் குவித்துக் குடித்தார்கள். ஒரு பெரிய பிள்ளை குடித்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் குடித்தாள். கழுத்துப் பட்டி நனைந்தது, அவள் கவனிக்கவில்லை. அந்த வழியால் போன ஒரு ஆசிரியை என்னைப் பார்த்து, "ஐயா, வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். சிமெந்து நடையில், வாசலிலிருந்து குழாயடி வரைக்கும், ஈரமான சின்னச் சின்னக் காலடிகள். வெயில் அவற்றை ஒவ்வொன்றாகக் காயவைக்கும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய் வா, பிள்ளை.

அப்பா